லாபம் இருக்கிறது, பணம் எங்கே? புதிய தொழில்முனைவோர் கேட்கும் கணக்குக் கேள்விகள்

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. புதிதாகக் கடையோ பட்டறையோ ஆரம்பித்தவர்கள் முதல் வருடக் கணக்கைக் கையில் வாங்கியதும் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்திருக்கிறேன். எளியதில் தொடங்கிச் சிக்கலானதில் முடிகிறது. வரிசையாகப் படித்தால்தான் பின்னால் வரும் பதில்கள் புரியும்.

எல்லாக் கேள்விக்கும் ஒரே உதாரணம்: ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை. கற்பனைக் கடை, எண்களும் கூட்டிக் கழிக்க வசதியாக நான் வைத்துக்கொண்டவை. உரிமையாளர் ஒருவரே. ஏப்ரல் 1 அன்று சொந்தப் பணம் 8 லட்சம் போட்டார், வங்கியில் 6 லட்சம் கடன் வாங்கினார். செக்கு, மோட்டார், வடிகட்டும் இயந்திரம் எல்லாம் சேர்த்து 7.5 லட்சம். கடைக்கு அட்வான்ஸ் 1 லட்சம். மார்ச் 31 வரை எண்ணெயும் புண்ணாக்கும் 30 லட்சத்துக்கு விற்றிருக்கிறார். ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கவில்லை.

நிதி அறிக்கை என்கிறார்களே, அதில் மொத்தம் எத்தனை தாள் இருக்கும்?

மூன்று. லாப நட்டக் கணக்கு, இந்த ஒரு வருடத்தில் சம்பாதித்தீர்களா இழந்தீர்களா என்று சொல்லும். பேலன்ஸ் ஷீட் எனப்படும் இருப்புநிலைக் குறிப்பு, மார்ச் 31 அன்று உங்களிடம் என்னென்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லும். பணப்புழக்க அறிக்கை, பணம் எந்த வழியில் வந்து எந்த வழியில் போனது என்று சொல்லும்.

முதல் இரண்டும் எல்லோர் கையிலும் இருக்கும். மூன்றாவதைச் சிறிய தொழில்களுக்கு யாரும் தயாரித்துத் தருவதில்லை. சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, சிறிய கம்பெனிகளுக்குக்கூட அதில் விலக்கு உண்டு. ஆனால் புதிய தொழில் முதல் இரண்டு வருடத்தில் தடுமாறுவது பெரும்பாலும் அந்த மூன்றாவது தாளில்தான் தெரியும். வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

நான் தனி ஆள். கம்பெனி எல்லாம் கிடையாது. எனக்கும் பேலன்ஸ் ஷீட் வேண்டுமா?

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் ஒரு ரூபாய் விற்பனை இல்லாவிட்டாலும் நிதி அறிக்கை தயாரித்துத் தணிக்கை செய்தாக வேண்டும். தனி உரிமையாளருக்கு அப்படி இல்லை. விற்பனை ஒரு வரம்புக்குள் இருந்தால் தோராய லாபத்தைக் காட்டி வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்துவிடலாம். அதன் விவரம் பின்னால் வருகிறது.

ஆனால் கடன் கேட்டு வங்கிக்குப் போகும் நாளில் பேலன்ஸ் ஷீட் கேட்பார்கள். கூட்டாளி ஒருவரைச் சேர்க்கும்போது அவர் கேட்பார். அந்த நேரத்தில் பழைய இரண்டு வருடத்துக்கும் சேர்த்து அவசர அவசரமாகத் தயாரித்த பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தவுடனே அடையாளம் தெரியும்: எல்லா எண்களும் ஆயிரத்தில் முடியும்.

கல்லாவுக்கு வந்த பணமெல்லாம் வருமானம்தானே?

இல்லை. நம் கடைக்காரர் போட்ட 8 லட்சமும் வங்கி கொடுத்த 6 லட்சமும் வந்த பணம்தான், ஆனால் வருமானம் இல்லை. தீபாவளிக்கு இருபது டின் வேண்டும் என்று இனிப்புக் கடைக்காரர் கொடுத்த முன்பணமும் டின்னைக் கொடுக்கும் வரை வருமானம் இல்லை. அது நீங்கள் அவருக்குத் தர வேண்டிய பாக்கி.

இதன் மறுபக்கமும் உண்டு. கடனுக்கு விற்றால் பணம் வராவிட்டாலும் அது வருமானம். நம் கடையின் 30 லட்சம் விற்பனையில் 2.5 லட்சம் இன்னும் வசூலாகவில்லை. மளிகைக் கடைகளிலும் உணவகங்களிலும் நிற்கிறது. இருந்தாலும் லாப நட்டக் கணக்கில் 30 லட்சம் முழுவதும் ஏறும். செலவும் அப்படித்தான்: மார்ச் மாத மின் கட்டணத்தை ஏப்ரலில் கட்டினாலும் அது மார்ச் மாதச் செலவு.

மொத்த லாபம், நிகர லாபம் என்று இரண்டு எண் இருக்கிறது. என் லாபம் எது?

நிகர லாபம். ஆனால் மொத்த லாபத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். விற்பனை 30 லட்சம். விற்ற எண்ணெய்க்கான கடலை, எள், கொப்பரை 20 லட்சம். செக்கு ஓட்டுகிறவர்கள் கூலி 2,40,000, மின்சாரம் 96,000. இவை போக மொத்த லாபம் 6,64,000. அதாவது நூறு ரூபாய் விற்பனையில் சுமார் 22 ரூபாய்.

அதிலிருந்து வாடகை 1,44,000, பாட்டில் லேபிள் 90,000, வண்டி வாடகை போன் மற்றவை 60,000, கடன் வட்டி 60,000, தேய்மானம் 1,12,500 கழிந்தால் நிகர லாபம் 1,97,500.

நூற்றுக்கு 22 என்பது அடுத்த வருடம் 18 ஆனால் வாடகையைக் குறைத்துப் பயனில்லை. கொள்முதல் விலை ஏறியிருக்கிறது, அல்லது கொப்பரையில் ஈரம் அதிகம் இருந்து எண்ணெய் குறைந்திருக்கிறது, அல்லது கடையில் ஏதோ கசிகிறது. 22 மாறாமல் நிகர லாபம் மட்டும் குறைந்தால் வாடகை, வட்டி போன்ற மேல்செலவுகளைப் பாருங்கள். நோய் எங்கே என்று காட்டத்தான் இரண்டு எண்.

24 லட்சத்துக்குச் சரக்கு வாங்கினேன். 20 லட்சம்தான் செலவு என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 4 லட்சம் எங்கே?

உங்கள் குடோனில். வாங்கிய சரக்கு விற்ற பிறகுதான் செலவு ஆகும். விற்காமல் மார்ச் 31 அன்று மிச்சம் இருப்பது சரக்கிருப்பு என்ற பெயரில் பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாக உட்காரும்.

இந்த ஒரு எண்தான் புதிய தொழிலின் லாபத்தை அதிகம் ஆட்டி வைப்பது. சரக்கிருப்பை ஒரு லட்சம் கூட்டி எழுதினால் லாபம் அப்படியே ஒரு லட்சம் கூடும். அதனால் மார்ச் 31 மாலை கடையைச் சாத்திவிட்டு எண்ணி எடுங்கள். கடலைப் பருப்பு மூட்டை எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ. சிவகிரி ஏலத்தில் எடுத்த எள் எவ்வளவு. அவல்பூந்துறை ஏலத்தில் எடுத்த கொப்பரை எவ்வளவு. எள்ளோடு சேர்த்து ஆட்ட வாங்கிய கருப்பட்டி. தெளிய வைத்திருக்கும் எண்ணெய், பாட்டிலில் அடைத்த எண்ணெய், காலி பாட்டில், புண்ணாக்கு. தெளிய வைத்த பாத்திரத்தின் அடியில் இருக்கும் கசடை எண்ணெயாக எண்ணக் கூடாது. தாளில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு வையுங்கள். வருடம் முடிந்து ஜூன் மாதம் போன் செய்து “இருப்பு என்ன போடலாம் சார்?” என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

மதிப்பு போடுவது வாங்கிய விலையில். சந்தை விலை அதைவிடக் கீழே போயிருந்தால் அந்தக் குறைந்த விலையில். 2025-இல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது, முன்பே வாங்கி வைத்திருந்தவர்கள் புது விலையில் இருப்பை எழுதச் சொன்னார்கள். விற்காத சரக்கில் லாபம் எழுத முடியாது. எண்ணெயாக ஆட்டி வைத்திருந்தால் அதற்கான கூலியையும் மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், விற்கும் விலையில் போடக் கூடாது.

செக்கு வாங்கிய 7.5 லட்சம் ஏன் செலவில் இல்லை? தேய்மானம் என்று நான் யாருக்கும் பணம் கொடுக்கவில்லையே?

செக்கு ஒரு வருடத்தோடு முடிந்துவிடுவதில்லை. பல வருடம் உழைக்கும் பொருளின் விலையைப் பல வருடத்துக்குப் பிரித்து எழுதுவதுதான் தேய்மானம். வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம், நாற்காலி மேசைக்கு 10, கம்ப்யூட்டருக்கு 40. வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான் கிடைக்கும். அக்டோபரின் முதல் சில நாட்களுக்குப் பிறகு இயந்திரம் வாங்கியவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள்.

நம் கடையில் 7,50,000-க்கு 15 சதவீதம் 1,12,500. பேலன்ஸ் ஷீட்டில் இயந்திரம் இனி 6,37,500. அடுத்த வருடம் இந்தக் குறைந்த தொகையின் மேல்தான் 15 சதவீதம். பணம் வெளியே போகவில்லை என்று நீங்கள் சொல்வது சரி. அது இந்த வருடம் போகவில்லை, இயந்திரம் வாங்கிய அன்றே மொத்தமாகப் போய்விட்டது.

மாதம் 20,000 வீட்டுக்கு எடுக்கிறேன். அது என் சம்பளம்தானே? செலவில் எழுதுங்கள்.

தனி உரிமையாளர் தனக்குத்தானே சம்பளம் கொடுத்துக்கொள்ள முடியாது. வீட்டுக்கு எடுத்தது எடுப்பு. லாப நட்டக் கணக்கில் வராது, பேலன்ஸ் ஷீட்டில் உங்கள் முதலிலிருந்து, அதாவது நீங்கள் கடையில் போட்ட பணத்திலிருந்து, கழியும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வீட்டு மளிகை, கடையிலிருந்து அம்மாவுக்கு எடுத்துப் போன நல்லெண்ணெய், எல்லாம் இதில்தான் சேரும். கூட்டு நிறுவனத்தில் ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியிருந்தால் கூட்டாளிக்கு ஒரு வரம்பு வரை சம்பளம் எழுதலாம். கம்பெனியில் இயக்குநருக்கு எழுதலாம்.

இங்கே ஒரு கசப்பான கணக்கு இருக்கிறது. வருட லாபம் 1,97,500 என்றால் மாதம் சுமார் 16,500. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பூட்டும் உங்கள் உழைப்புக்கும், நீங்கள் போட்ட 8 லட்சத்துக்கும் சேர்த்துத்தான் அந்த 16,500. எடுத்ததோ 20,000.

என் சொந்தப் பணத்தை ஏன் கடன் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்?

கணக்கில் நீங்கள் வேறு, கடை வேறு. கடை உங்களிடம் பணம் வாங்கியிருக்கிறது. ஒரு நாள் கடையை மூடினால் மற்றவர்களுக்குத் தர வேண்டியதைத் தந்தது போக மிச்சத்தை உங்களுக்குத்தான் தர வேண்டும். அதனால் முதல் என்பது கடை உங்களுக்குத் தர வேண்டிய பணம்.

நம் கடையின் மார்ச் 31 பேலன்ஸ் ஷீட் இது:

| தர வேண்டியவை | ரூ. | இருப்பவை | ரூ. |
|---|---|---|---|
| முதல் (8,00,000 + லாபம் 1,97,500 − எடுப்பு 2,40,000) | 7,57,500 | இயந்திரம் | 6,37,500 |
| வங்கிக் கடன் | 5,00,000 | கடை அட்வான்ஸ் | 1,00,000 |
| சரக்கு கொடுத்தவர்களுக்கு | 1,50,000 | சரக்கிருப்பு | 4,00,000 |
| | | வாடிக்கையாளர் பாக்கி | 2,50,000 |
| | | ரொக்கமும் வங்கி இருப்பும் | 20,000 |
| மொத்தம் | 14,07,500 | மொத்தம் | 14,07,500 |

முதல் 8 லட்சத்திலிருந்து 7,57,500-க்கு இறங்கியிருப்பதைப் பாருங்கள். லாபம் வந்த வருடத்தில் முதல் கரைந்திருக்கிறது. நான் எந்தக் கணக்கைப் புரட்டினாலும் முதலில் கண் போவது இந்த வரியில்தான்.

இரண்டு பக்கமும் ஒன்றாக வந்துவிட்டது. அப்படியென்றால் கணக்கு சரிதானே?

கூட்டல் சரி என்று மட்டும் அர்த்தம். ஒரு கொள்முதல் பில்லை எழுதவே மறந்திருந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே வரும். செக்குக்கு வாங்கிய புது மோட்டாரைப் பழுதுபார்ப்புச் செலவில் எழுதியிருந்தாலும் வரும். இருப்பை ஊதிக் காட்டியிருந்தாலும் வரும்.

சரிபார்க்க வெளியிலிருந்து ஆதாரம் வேண்டும். வங்கி இருப்பை வங்கி ஸ்டேட்மென்ட்டோடும், கடன் நிலுவையைக் கடன் கணக்கு ஸ்டேட்மென்ட்டோடும் ஒப்பிடுங்கள். சரக்கு கொடுத்தவரிடம் “உங்கள் புத்தகத்தில் என் பாக்கி எவ்வளவு?” என்று எழுத்தில் கேளுங்கள். பேலன்ஸ் ஷீட்டில் அனாமத்து (எதில் சேர்ப்பது என்று தெரியாத தொகை) என்று ஒரு வரி இருந்தால், அது என்ன என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

லாபம் 1,97,500 என்கிறீர்கள். கையில் 20,000தான் இருக்கிறது. யார் எடுத்தது?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். சில சமயம் கேட்கும் குரலிலேயே, கடையில் வேலை செய்யும் பையன் மேல் சந்தேகம் இருப்பது தெரியும். பெரும்பாலும் அவன் மேல் தவறு இருக்காது. மூன்றாவது தாளைப் போட்டுப் பார்த்தால் போதும்.

லாபம் 1,97,500-இல் ஆரம்பியுங்கள். பணம் போகாத செலவான தேய்மானம் 1,12,500-ஐக் கூட்டுங்கள்: 3,10,000. சரக்கிருப்பாக முடங்கியது 4,00,000, வாடிக்கையாளரிடம் நிற்பது 2,50,000, இரண்டையும் கழியுங்கள். நீங்கள் சரக்குக்காரருக்கு இன்னும் கொடுக்காத 1,50,000-ஐக் கூட்டுங்கள். விடை கழித்தல் 1,90,000. அதாவது லாபம் காட்டிய அதே வருடத்தில், எண்ணெய் ஆட்டி விற்கும் வேலை 1,90,000 ரூபாயை விழுங்கியிருக்கிறது.

இதோடு இயந்திரமும் அட்வான்ஸும் 8,50,000 போயின. மறுபுறம் உங்கள் 8 லட்சமும் வங்கியின் 6 லட்சமும் வந்தன. அதில் வங்கிக்கு அசல் 1 லட்சம் திரும்பப் போனது, வீட்டுக்கு 2,40,000 போனது. மிச்சம் 10,60,000. இதிலிருந்து 8,50,000-ஐயும் 1,90,000-ஐயும் கழித்தால் சரியாக 20,000. யாரும் எடுக்கவில்லை. பணம் மூட்டையாகவும் பாக்கியாகவும் மாறி நிற்கிறது.

முதல் வருடத்தில் இப்படி ஆவது இயல்பு. காலியாக இருந்த குடோனை நிரப்ப வேண்டியிருந்தது. கடலையும் எள்ளும் வரத்து அதிகமாக இருக்கும்போது வாங்கினால்தான் விலை கட்டும். ஏலத்தில் எடுத்தவருக்குத் தவணை கிடையாது, விற்பதோ கடனுக்கு. கவலைப்பட வேண்டியது இரண்டாம் வருடமும் இதே கழித்தல் குறி வந்தால்.

மாதத் தவணை கட்டுகிறேனே, அது முழுவதும் செலவுதானே?

வட்டி மட்டும் செலவு. நம் கடைக்காரர் வருடத்தில் கட்டியது 1,60,000. அதில் வட்டி 60,000 லாப நட்டக் கணக்குக்குப் போனது. அசல் 1,00,000 கடனை 6 லட்சத்திலிருந்து 5 லட்சமாக இறக்கியது. கடன் வாங்கியபோது அதை வருமானமாக எழுதவில்லை அல்லவா? திருப்பிக் கட்டுவதும் செலவாகாது. ஆனால் கையிலிருந்து பணம் போகிறது. லாபமும் ரொக்கமும் பிரிந்து நிற்க இது இன்னொரு காரணம்.

ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறுமா?

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதிவு எடுத்த பிறகு ஒரு லட்சத்துக்கு எண்ணெய் விற்றால் 5 சதவீதம் சேர்த்து 1,05,000 வசூலிப்பீர்கள். அந்த 5,000 விற்பனையில் ஏறாது. அரசுக்குத் தர வேண்டியதாக பேலன்ஸ் ஷீட்டில் நிற்கும். பாட்டில் வாங்கும்போது நீங்கள் கட்டிய வரி, பில் சரியாக இருந்தால், அதில் கழியும். வங்கிக் கணக்கில் கிடக்கும் இந்த வரிப் பணத்தை எடுத்துச் சரக்கு வாங்கிவிட்டு, வரி கட்ட வேண்டிய இருபதாம் தேதி திண்டாடுபவர்கள் நிறையப் பேர்.

சிறிய தொழில்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறை வேறு. அதில் வாங்குபவரிடம் வரி வசூலிக்கக் கூடாது. நீங்கள் கட்டும் வரி உங்கள் செலவு; லாபத்தைக் குறைக்கும்.

ஆறு, எட்டு சதவீதம் லாபம் காட்டினால் போதுமாமே? அப்புறம் எதற்குக் கணக்கு எழுத வேண்டும்?

வருட விற்பனை 2 கோடி வரை இருக்கும் தனி உரிமையாளர்கள் இப்படிக் காட்டலாம்; ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை. வங்கி, யு.பி.ஐ. வழியாக வந்ததற்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8. நம் கடையில் பாதி பாதி என்றால் 90,000 கூட்டல் 1,20,000, ஆக 2,10,000. உண்மையான லாபமோ 1,97,500. ஒரு வருடம் இந்த முறையில் காட்டிவிட்டு நடுவில் விட்டு வெளியேறினால் அடுத்த ஐந்து வருடம் திரும்ப வர முடியாது. இதைவிடக் குறைவாகக் காட்ட வேண்டுமென்றால் கணக்குப் புத்தகங்கள் வேண்டும், சில நிலைகளில் தணிக்கையும் வேண்டும். 1961 சட்டத்தின் இடத்தில் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் வந்துவிட்டதால் பிரிவு எண்களை நான் இங்கே எழுதவில்லை, எண்கள் மாறிவிட்டன.

இந்த முறை வரித்துறைக்கு எவ்வளவு காட்டுவது என்பதற்கு மட்டும் விடை. உங்கள் லாபப் பணம் எங்கே போனது என்பதற்கு இதில் விடை இல்லை. வரிக்காகத்தான் கணக்கு என்று நினைப்பவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்.

குறைந்தபட்சம் நான் என்ன எழுதி வைக்க வேண்டும்?

அன்றாட ரொக்கப் புத்தகம், கடன் பாக்கி நோட்டு, கொள்முதல் பில் கோப்பு, மாதக் கடைசி இருப்புத் தாள். டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவதை மாதம் ஒருமுறை யாரிடமாவது கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

முதல் நாளே தொழிலுக்கென்று தனி நடப்புக் கணக்கு திறந்து கடையின் கியூ.ஆர். அட்டையை அதோடு இணைத்துவிடுங்கள். சொந்தச் சேமிப்புக் கணக்கில் அட்டை இணைந்திருந்தால், மச்சான் அனுப்பிய 5,000 எது, எண்ணெய் வாங்கியவர் அனுப்பிய 5,000 எது என்று பிரிக்கவே தனியாக ஒரு வாரம் போகும். இன்னொன்று: ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள். விவசாயியிடம் நேரடியாக அவர் விளைவித்த கடலையை வாங்கினால் விலக்கு உண்டு. வியாபாரியிடம் வாங்கினால் இல்லை.

பாக்கி வராமலே போய்விட்டால்?

வராது என்று உறுதியானால் வாராக்கடனாக எழுதித் தள்ளுங்கள். அந்த வருட லாபம் குறையும், பேலன்ஸ் ஷீட்டில் பாக்கியும் குறையும். உங்கள் புத்தகத்தில் எழுதித் தள்ளினால்தான் வருமான வரியிலும் கழிவு கிடைக்கும். நான்கு வருடத்துப் பழைய பாக்கியைச் சொத்து என்று சுமந்துகொண்டிருக்கும் பேலன்ஸ் ஷீட் உங்களையே ஏமாற்றுகிறது.

எழுதித் தள்ளும் முன் ஒரு வழி இருக்கிறது. செக்கில் ஆட்டி விற்பது உற்பத்தி. உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இலவசம். பதிவு இருந்தால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி, வாங்கியவர் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி. அந்தக் கெடுவுக்குள் தராவிட்டால், பணத்தைக் கொடுக்கும் வரை அவருக்கு வருமான வரியில் அந்தச் செலவு கழியாது. பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். பெரிய கடைகளின் கணக்காளர்கள் மார்ச் மாதம் தாங்களாகவே அழைப்பார்கள்.

முதல் வருடமே நட்டம் வந்தால் எல்லாம் போச்சா?

நட்டம் முதலிலிருந்து கழியும். ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால் தொழில் நட்டத்தை எட்டு வருடம் வரை முன்னெடுத்து, பின்னால் வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். நட்டம்தானே, எதற்கு ரிட்டர்ன் என்று விட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

வங்கி மேலாளர் எந்த எண்ணைப் பார்ப்பார்?

முதலில் நடப்புச் சொத்தையும் (ஒரு வருடத்துக்குள் பணமாகக்கூடியது) நடப்புக் கடனையும் (ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டியது). நம் கடையில் சரக்கு, பாக்கி, ரொக்கம் சேர்த்து 6,70,000. சரக்குக்காரர் பாக்கியும் அடுத்த வருட அசல் தவணை 1 லட்சமும் சேர்த்து 2,50,000. விகிதம் 2.68. வங்கிகள் வழக்கமாக எதிர்பார்க்கும் 1.33-ஐவிட வெகு மேலே. காகிதத்தில் ஜம்மென்று இருக்கிறது. சரக்கை எடுத்துவிட்டுப் பார்த்தால் 1.08.

பிறகு பாக்கி வசூலாக எத்தனை நாள். மொத்த விற்பனை 30 லட்சத்தோடு ஒப்பிட்டால் 2.5 லட்சம் பாக்கி என்பது 30 நாள். ஆனால் விற்பனையில் பாதி கடையில் ரொக்கத்துக்குப் போனது என்றால், கடனுக்கு விற்றது 15 லட்சம்தான். வசூலாக 61 நாள். அனுபவமுள்ள மேலாளர் இதைக் கேட்பார்.

கடைசியாகத் தவணை கட்டும் திறன். லாபம், தேய்மானம், வட்டி மூன்றையும் கூட்டினால் 3,70,000. கட்ட வேண்டியது 1,60,000. இரண்டு மடங்குக்கு மேல். அதே 3,70,000-இலிருந்து வீட்டுக்கு எடுத்த 2,40,000-ஐக் கழித்துப் பாருங்கள்: 1,30,000. தவணைக்குப் போதாது. இந்தக் கழித்தலை எல்லா மேலாளரும் செய்வதில்லை. நீங்கள் செய்யுங்கள்.

வங்கிக்கு லாபத்தைக் கூட்டியும் வரிக்குக் குறைத்தும் இரண்டு பேலன்ஸ் ஷீட் போட்டுத் தருவீர்களா?

மாட்டோம். வங்கி இப்போது ரிட்டர்ன் நகல், ஜி.எஸ்.டி. இருந்தால் அதன் ரிட்டர்ன், வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது. பட்டயக் கணக்காளர் கையெழுத்திடும் சான்றுகளில் 2019 முதல் யு.டி.ஐ.என். (ஒவ்வொரு சான்றுக்கும் தனியாக வரும் அடையாள எண்) கட்டாயம்; அது உண்மையா என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். வரி வராத அளவு வருமானம் என்றாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்து வாருங்கள். கடன் கேட்கும்போது பேசுவது அந்தப் பழைய ரிட்டர்ன்கள்தான்.

அடுத்த வருடமும் இதே லாபம் வரும்போல இருக்கிறது. பெருந்துறையில் இரண்டாவது கடை போடலாமா?

முதலில் இதே கடையின் அடுத்த வருடத்தைப் போட்டுப் பார்ப்போம். விற்பனை, செலவு, சரக்கிருப்பு, பாக்கி எதுவும் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். வட்டி சற்றுக் குறையும், அதை விட்டுவிடலாம். குடோன் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் இந்த முறை லாபமும் தேய்மானமும் சேர்ந்த 3,10,000 முழுவதும் பணமாகவே வரும். அசல் தவணை 1,00,000, வீட்டுக்கு 2,40,000. மொத்தம் 3,40,000 போகும். குறைவது 30,000. கையிருப்பு 20,000. மார்ச் வருமுன் பத்தாயிரம் துண்டு விழும்.

வீட்டுக்கு எடுப்பதை மாதம் 5,000 குறைத்தால் வருடக் கடைசியில் 50,000 மிச்சம். கடன் கொடுக்கும் கடைகளிடம் 61 நாளை 30 நாளாக்கினால் ஒரே தடவையில் சுமார் 1,25,000 கைக்கு வரும். இரண்டையும் செய்துவிட்டு, அடுத்த மார்ச் 31-இல் முதல் என்ற வரி 8 லட்சத்துக்கு மேலே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் பெருந்துறையில் கடை வாடகை விசாரியுங்கள்.